மூணாம் நம்பர் தொட்டி

மெதுவாப் பேசவா? எதுக்கு யக்கா மெதுவாப் பேசணும்? நான் என்ன களவாண்டுட்டா போறேன்? கேக்கட்டும். கேக்கணும்னுதான் பேசுதேன். அந்தா, டிரைவருக்குப் பின்னால ரெண்டாவது சீட்டு, சன்னலோரம், வெள்ளைச் சட்டை, நரைச்ச பின்னந்தலை. ஆமா, அவுகதான். ஞானமுத்து அண்ணாச்சி. கோவில்பட்டியில நான் ஏறும்போதே பாத்துட்டாக. பாத்துட்டு, மூஞ்சிய சன்னலுக்கு வெளிய திருப்பினவுகதான், சாத்தூரு தாண்டி, விருதுநகரும் தாண்டியாச்சு, இன்னும் உள்ள திருப்பல. வெளிய அப்படி என்னத்த இருக்கு? சீமைக் கருவேலத்தத் தவிர ஒரு மண்ணும் இல்ல.

ஜாடை பேசுதேன்னு நெனைக்கீகளா? ஆமா, ஜாடைதான். நேருல பேசுனா பதில் சொல்லுற ஆளு கெடையாது அவுக. அதான் உங்ககிட்ட சொல்லுதேன். நீங்க சும்மா உம் கொட்டுங்க, போதும்.

எம்பேரு மாரிக்கனி. எலெக்ட்ரீசியன். சிரிக்காதீக. ஐ.டி.ஐ.யில முப்பத்தாறு பயலுக, நடுவுல நான் ஒருத்தி. இப்ப பெட்ரோல் பங்க்குகள்ல தொட்டி மீட்டர் மாட்டுற கம்பெனியில இருக்கேன், ஒம்பது வருசமாச்சு. இந்தத் தெக்கத்தி ஜில்லாவுல இந்த வேலை பாக்குற பொம்பள வேற யாரும் இருக்காளான்னு கேட்டுப் பாருங்க. இருக்க மாட்டா.

என்ன வேலைன்னு கேக்கீகளா? பங்க்குல எண்ணெய் எங்க இருக்கு? மண்ணுக்குள்ள தொட்டியில. எவ்வளவு இருக்குன்னு மேல இருந்து தெரியாதில்ல? அதுக்கு முன்னால, விடிஞ்சதும் ஒரு ஆளு பித்தளைத் தடிய உள்ள விட்டு, எடுத்து, எது வரைக்கும் நனைஞ்சிருக்குன்னு பாத்துச் சொல்லணும். டிப் பாக்குறதும்பாக. இருவத்திரெண்டு வருசமா அதைத்தான் பாத்தாக, அந்தா சன்னலோரம் இருக்காகளே, அவுக. இப்ப நாங்க என்ன செய்வோம், தொட்டிக்கு ஒரு நீளக் கம்பி எறக்குவோம். அதுல மெதவை இருக்கும். எண்ணெய் ஏறுனா மெதவை ஏறும். கம்பியில இருந்து ரெண்டு வயரு, மண்ணுக்கடியில குழாய்க்குள்ள ஓடி, ஆபீஸ் ரூமுக்கு வரும். அங்க செவத்துல ஒரு பொட்டி. பொட்டிக்குள்ள தொட்டி வயருக்கு ஒரு மாட்யூல், கரண்டுக்கு வேற மாட்யூல், நடுவுல தகரத் தடுப்பு. தொட்டி வயரு இருக்குற பக்கம் கரண்டு வயரு தலைகாட்டப்படாது. ஒரு பொறி போதும் யக்கா, பங்க்கு இருந்த இடத்துல பள்ளம்தான் மிச்சம். அப்படிப்பட்ட வேலையிலதான் எங்கையில தப்புங்காக.

ஒரு தப்பு இல்ல. கருப்புக்குக் கருப்பு, வெள்ளைக்கு வெள்ளை. ஒவ்வொரு வயருலயும் டேக் கட்டி, நம்பர் எழுதி, மீட்டர் வச்சு ரெண்டு தடவை பாத்து, அப்புறம்தான் மாட்யூல்ல ஸ்குரூவ முறுக்குனேன். இன்னைக்கும் எந்தக் கொம்பன வேணாலும் கூட்டிட்டு வந்து அந்தப் பொட்டியத் தெறக்கச் சொல்லுங்க. வயரிங்குல ஒரு புள்ளி தப்பு இருந்தா நான் மூக்கை அறுத்துக்கிடுதேன்.

கேட்டீகளா அண்ணா... ப்ச், உங்ககிட்டதான் யக்கா, கேட்டீகளா?

எட்டயபுரம் ரோட்டுல ஒரு பங்க். நாலு தொட்டி. ஒன்னு ரெண்டு பெட்ரோல், மூணு நாலு டீசல். ஒவ்வொரு தொட்டிக்கும் மேல தரையோட தரையா வட்டமா இரும்பு மூடி. மூடியில மஞ்சப் பெயிண்டுல நம்பர் போட்டிருக்கும். மூடியத் தெறந்தா உள்ளதான் தடி விடுற குழாய், லாரியில இருந்து எண்ணெய் எறக்குற குழாய், இப்ப நான் மாட்டுற கம்பி, எல்லாம். நான் வேலை பாத்தது செவ்வாய், புதன், ரெண்டு நாளு. முதலாளி நல்லாத்தான் பேசினாரு. மோர் குடுத்தாரு. ‘பொம்பளைப் பிள்ளையா வந்திருக்கு?’ன்னு ரெண்டு தடவை கேட்டாரு. கேக்கட்டும், நான் கேக்காததா?

இவுகதான் மொதல் நாளே மொறைச்சாக. நான் கம்பி எறக்குதேன், இவுக பக்கத்துல தடிய வச்சுக்கிட்டு நிக்காக. ‘இது எதுக்கும்மா, நாந்தான் பாக்கேன்ல?’ன்னாக. நான் தன்மையாத்தான் சொன்னேன். ‘அண்ணாச்சி, உங்க கண்ணு ரெண்டு மில்லிமீட்டர் முன்னப்பின்ன பாக்கும். இது பாக்காது’ன்னேன். அது ஒரு தப்பா? உள்ளதைச் சொன்னேன்.

வியாழக்கெழமை காலையில ஏழரை இருக்கும். அன்னைக்கு நான் கடைசியாச் சரிபாத்து முதலாளிகிட்ட கையெழுத்து வாங்க வந்திருந்தேன். டீசல் லாரி வந்து நின்னுச்சு. பன்னெண்டாயிரம் லிட்டரு. பொட்டியில பாத்தா, மூணாம் நம்பர் தொட்டியில மூவாயிரந்தான் இருக்கு. இருவதாயிரம் பிடிக்கும். தாராளமா எறக்கலாம். நாலாம் நம்பருல பதினேழாயிரம், அதுல எடமில்ல. நான் முதலாளிகிட்ட திரையக் காட்டிச் சொல்லுதேன், ‘மூணுல எறக்குங்க சார்’னு. டிரைவரு போயி மூணுன்னு எழுதின மூடியத் தெறந்து குழாய மாட்டிட்டு, டீக்கடைக்குப் போயிட்டாரு.

அந்நேரம் பாத்து இவுக தடியோட வாராக. தடி முக்காவாசி நனைஞ்சிருக்கு. ‘முதலாளி, காத்தடிக்கிற தொட்டியில எடமில்ல’ங்காக.

நீங்களே சொல்லுங்க யக்கா, காத்தடிக்கிற தொட்டின்னா எது? டயருக்குக் காத்தடிக்கிற மெசினு பக்கத்துல இருக்குற தொட்டியாம். அடுத்தது வேப்பமரத்துத் தொட்டியாம். இருவத்திரெண்டு வருசமா நம்பரே சொன்னது கெடையாது இவுக. ‘நம்பரச் சொல்லுங்க அண்ணாச்சி, மூணா நாலா?’ங்கேன். ‘நம்பரு எனக்கெதுக்கு, தொட்டி எனக்குத் தெரியும்’ங்காக. எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துருச்சு. ஒம்பது வருசமாக் கேட்ட கேள்வியெல்லாம் மொத்தமா வந்துருச்சு. இந்தப் பிள்ளைக்கு ஏணி ஏறத் தெரியுமா, இந்தப் பிள்ளை மாட்டுனது ஓடுமா, கூட ஆம்பள யாரும் வரலையா. எல்லாக் கோவத்தையும் இவுக தலையில கொட்டிட்டேன்.

என்ன சொன்னேனா? சொல்லுதேன், எனக்கென்ன வெக்கம். முதலாளி முன்னால, வண்டிக்கு எண்ணெய் போட வந்த பத்துப் பேரு முன்னால சொன்னேன். ‘அண்ணாச்சி, மொதல்ல கண்ணாடிய மாத்துங்க. அந்தத் தடியக் கொண்டு போயி எங்கயாவது கல்யாணப் பந்தலுக்கு ஊணுங்க’ன்னேன். எல்லாரும் சிரிச்சாக. முதலாளியும் சிரிச்சாரு. சிரிச்சுக்கிட்டே, ‘ஞானமுத்து, பிள்ளை சொல்லுதுல்லா, லாரி வால்வத் தெறய்யா’ன்னாரு.

இவுக என்னை ஒரு பார்வை பாத்தாக. தடியச் செவத்துல சாத்திட்டுப் போயி வால்வத் தெறந்தாக.

ஆறு ஏழு நிமிசம் ஒன்னுமில்ல. அப்புறம் பொங்குச்சு பாருங்க யக்கா. காத்தடிக்கிற மெசினுக்குப் பக்கத்துல, மூடிக்குள்ள இருந்து, கொடங்கொடமா. தரையெல்லாம் டீசலு. வண்டியத் தள்ளுங்க, பீடிய அணைங்கன்னு ஒரே கூச்சலு. வால்வ அடைக்க ரெண்டு நிமிசம் ஆச்சு. அதுக்குள்ள எண்ணூறு லிட்டருக்கு மேல ஓடிருச்சு. ரோட்டோர வாய்க்கால்ல எறங்கி, பக்கத்துப் புஞ்சையில ஒரு அம்மா கொத்தமல்லி போட்டிருந்தாக, அதுல போயி நின்னுச்சு. பெட்ரோலா இருந்திருந்தா இந்த பஸ்ஸுல நானும் இல்ல, அவுகளும் இல்ல. அந்தம்மா மண்ணை அள்ளி எங்க மேல எறிஞ்சாக. எறிய வேண்டியதுதான். இவுக மேலெல்லாம் டீசலு, தலையில இருந்து வடியுது.

தண்ணி குடிக்கீகளா? வேணாமா? நான் குடிச்சுக்கிடுதேன். தொண்டை காஞ்சு போச்சு.

என்ன கேட்டீக? வயரு சரின்னா, திரை சரின்னா, அப்புறம் எப்படிப் பொங்குச்சா?

நல்லாக் கேட்டீக போங்க. பன்னெண்டு நாளா ஒரு எஞ்சினியருகூட இதைக் கேக்கல. விருதுநகருல ஏறி முழுசா அரை மணி நேரங்கூட ஆகல, நீங்க கேட்டுட்டீக.

மதுரையில எங்க ரீஜனல் ஆபீஸ். அங்கதான் இப்ப விசாரணை. பதினொரு மணிக்கு. என்னையும் கூப்பிட்டிருக்காக, அவுகளையும் கூப்பிட்டிருக்காக. எங்க பத்மநாபன் சாரு, அவருதான் எனக்கு மேல உள்ள எஞ்சினியரு, ஒரு தாள டைப் பண்ணி நேத்து போனுல அனுப்பிட்டாரு. நான் கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது. ‘கருவி சரியாக நிறுவப்பட்டுள்ளது.’ சரி, நெசந்தான். ‘தொழிலாளி தவறான தொட்டியில் எண்ணெய் இறக்கியதால் விபத்து நேர்ந்தது.’ சரின்னு வச்சுக்கிடுவோம். இன்னும் நாப்பது பங்க்குல மாட்டுற வேலை வரப்போகுது யக்கா. அது எங்கைக்கு வரணும்னா கருவி மேல ஒரு குத்தமும் வரப்படாது. ‘மாரிக்கனி, இந்த நாப்பதும் உன் பொறுப்பு, நீதான் சூப்பர்வைசர்’னுட்டாரு சாரு. பொம்பள சூப்பர்வைசர். ஒம்பது வருசமா இந்த ஒரு வார்த்தைக்குத்தான் ஏணியத் தூக்கிட்டு அலைஞ்சேன். நானும் மனசத் தேத்திக்கிட்டேன். அவுகளுக்கு அம்பத்தஞ்சு வயசாச்சு, வேற எங்கயாவது பாத்துக்கிடுவாக, வாட்ச்மேன் வேலையாவது கெடைக்கும்னு நெனச்சேன். பாவிதான், ஒத்துக்கிடுதேன்.

ஆனா கடைசி வரி ஒன்னு போட்டிருக்காரு பாருங்க. ‘சம்பவ நேரத்தில் தொழிலாளி மது அருந்தியிருந்தார்.’

யாரு? இவுகளா? காலையில ஏழரை மணிக்கா? தீவாளிக்கு லாரிக்காரரு குடுத்த பாட்டில வாங்கி அப்படியே திருப்பிக் குடுத்த மனுசன்னு அந்தப் பங்க்குல காத்தடிக்கிறவன் வரைக்கும் தெரியும். சர்ச்சுல வாரா வாரம் ஞாயித்துக்கெழமைப் பாட்டுக்கு நிக்கிற ஆளு. ராத்திரி பூரா அந்த வரியத் திரும்பத் திரும்பப் பாத்தேன். தப்புச் செஞ்சாருன்னு எழுது, வயசாச்சுன்னு எழுது. குடிச்சிருந்தாருன்னு எழுதுவியா? நான் இதுல கையெழுத்துப் போட்டா, நாளைக்கு அவுக கட்டிக்குடுத்த மகள மாமியா வீட்டுல என்ன கேப்பாக? அழல, கண்ணுல காத்து அடிக்கிது. சன்னலச் சாத்துங்க.

திருமங்கலம் வந்துருச்சா? அப்ப சொல்லிருதேன். சத்தமாவே சொல்லுதேன். கண்டக்டரு, கொஞ்சம் அந்தப் பாட்ட நிறுத்துங்கண்ணே. ஆமா, நிறுத்துங்க, அஞ்சு நிமிசம்.

வயரு தப்பில்ல. திரை தப்பில்ல. மூடிதான் தப்பு.

புதன்கெழமை சாயந்திரம் வேலை முடிஞ்சு மூடியெல்லாம் திருப்பி வச்சேன். ஒவ்வொன்னும் நாப்பது கிலோ. கடப்பாரை போட்டு நெம்பி, நிமித்தி, உருட்டிட்டுப் போயி, நான் ஒருத்தியா வச்சேன். ‘ஒரு கை பிடிக்கவாம்மா’ன்னு இவுக வந்தாக. ‘வேணாம், எனக்குத் தெரியும்’னுட்டேன். எல்லா மூடியும் ஒரே அளவு. மூணாம் நம்பர் மூடிய நாலாம் நம்பர் தொட்டி மேல வச்சுட்டேன். நாலாம் நம்பர் மூடிய மூணு மேல வச்சுட்டேன். மூணு, அதான் வேப்பமரத்துத் தொட்டி, காலியாக் கெடக்கு, திரையும் சரியாச் சொல்லுது. டிரைவரு பாவம், மூடியில இருந்த நம்பரப் பாத்து, ரொம்பிக் கெடந்த நாலாம் தொட்டியில குழாய மாட்டுனாரு. காத்தடிக்கிற தொட்டியில எடமில்லன்னு இவுக சொன்னது அட்சரம் பிசகாத நெசம்.

எனக்கு எப்பத் தெரியும்னா? அன்னைக்கே தெரியும். வீட்டுக்குப் போயி, வேலைக்கு முன்னால எடுத்த போட்டோ, பின்னால எடுத்த போட்டோ, ரெண்டையும் ரிப்போர்ட்டுக்கு எடுத்தேன். பாத்தா, மூடி நம்பரு ரெண்டும் எடம் மாறிக் கெடக்கு. மறுநா வெள்ளன, மண்ணு போட்டுக் கழுவ வந்தவுகளோட நானும் போயி, கழுவுற சாக்குல, மூடி ரெண்டையும் உருட்டி அதது எடத்துல வச்சுட்டேன். அதுக்கப்புறம் யாரு வந்து பாத்தாலும், மூணாம் நம்பர் மூடி வேப்பமரத்துக்கிட்டத்தான் கெடக்கு, எண்ணெய் பொங்குனது காத்தடிக்கிற எடத்துல. அப்ப யாரு தப்பு? டிரைவரு டீக்கடையில, அப்ப வால்வத் தெறந்துட்டுக் குழாய் கிட்ட நின்ன ஆளு தப்பு. அப்படித்தான் அவுக தலையில விழுந்துச்சு. விழுந்ததுன்னா என்ன, நான்தான் தள்ளிவிட்டேன்.

அந்தப் போட்டோ ரெண்டும் இந்தா, இந்தப் போனுலதான் இருக்கு. அழிக்கலாம்னு பத்துத் தடவ கையக் கொண்டு போனேன். அழிக்கல. இன்னைக்கு பத்மநாபன் சாரு மேசையில வைக்கப் போறேன். நாப்பது பங்க்கும் போகட்டும், இருக்குற வேலையும் போகட்டும். ஆனா ஒன்னு, வயரிங் சரின்னு மொத வரியில எழுதணும். எழுதலைன்னா எந்திரிக்க மாட்டேன். மூடி வைக்கத் தெரியாதவளுன்னு சொல்லு, கேட்டுக்கிடுதேன். மாரிக்கனிக்கு வயரு மாட்டத் தெரியாதுன்னு எந்தப் பயலும் சொல்லப்படாது.

என்ன யக்கா? ஏன் முன்னால பாக்கீக? திரும்பிட்டாகளா?

இருங்க, என்னமோ சொல்லுதாக. பக்கத்துச் சீட்டுக்காரருகிட்டச் சொல்லுதாக. பாத்தீகளா, அவுகளும் ஜாடைதான். பஸ்ஸு சத்தத்துல ஒன்னும் கேக்கல. என்ன? ‘மூடி மாறிக் கெடந்தது எனக்கும் தெரியும் தம்பி’ங்காகளா?

தெரியுமா?

இருங்க, சத்தத்தக் கூட்டிட்டாக, இப்ப எனக்கே கேக்குது. ‘இருவத்திரெண்டு வருசம் மிதிச்ச மூடி, எனக்குத் தெரியாதா? குனிஞ்சு வால்வுல கைய வைக்கும்போதே மூணுன்னு கண்ணுல பட்டுச்சு. சொல்ல வாயெடுத்தேன். தடியப் பந்தலுக்கு ஊணச் சொன்னாளேன்னு ரோசம் வந்துருச்சு. பொங்கட்டும், அவ பொட்டியோட லெச்சணத்த முதலாளி கண்ணால பாக்கட்டும்னு தெறந்தேன். ஒரு வாளி பொங்குனதும் அடைச்சிரலாம்னு பக்கத்துலயேதான் நின்னேன். வால்வு இறுகிக்கிச்சு தம்பி.’ கேட்டீகளா யக்கா? என்ன பேச்சு இது! கேட்டீகளா இந்த அநியாயத்த!

அட பாவி மனுசா! பன்னெண்டு நாளா எனக்குச் சோறு எறங்கல. உருட்டுன மூடி கனவுல வருது. இவுக என்னடான்னா, ‘மூடி மாறிக் கெடக்கும்மா’ன்னு மூணு வார்த்தை சொல்ல மாட்டாம, அந்தம்மா கொத்தமல்லியில டீசல விட்டுட்டு, வெள்ளைச் சட்டையப் போட்டுக்கிட்டு சன்னல்ல வேடிக்கை பாத்துட்டு வாராக! வழி விடுங்க யக்கா. நகருங்க, நான் போறேன் அங்க.

அண்ணாச்சி! இங்க பாருங்க. அந்தத் தம்பியப் பாக்காதீக, என்னப் பாருங்க. மூடிய மாத்தி வச்சது நான். கமுக்கமாத் திருப்பி வச்சதும் நான். உங்களப் பத்துப் பேரு முன்னால பேசினதும் நான்தான், அது ரொம்பத் தப்பு, அதுக்கு என்ன வேணாலும் வையுங்க. இதையெல்லாம் நான் சொல்லிக்கிடுவேன். நீங்க தெரிஞ்சு தெறந்ததைச் சொல்லுறதும் சொல்லாததும் உங்க பாடு. கேட்டது நானும் இந்த பஸ்ஸும்தான்.

என்னது, நீங்களும் சொல்லத்தான் போறீகளா? சொல்லுங்க. அதுக்கும் என்ன மொறைப்பு? கொத்தமல்லிக்காரம்மா கால்ல விழணும்னா ரெண்டு பேருமாப் போயி விழுவோம். மாட்டுத்தாவணி வந்துருச்சு, எந்திரிங்க. குடிச்சிருந்தீகன்னு எழுதி வச்சிருக்கான்ல, மொதல்ல நாம ரெண்டு பேருமாப் போயி அந்த வரிய அடிக்க வைப்போம். அது முடியட்டும், வெளிய வந்து நம்ம சண்டைய வச்சுக்கிடுவோம். நான் உங்கள சும்மா விடப்போறதில்ல அண்ணாச்சி.